கேட்டவளை யாரும் கேட்கவில்லை

ஆறு வருடம். ரூட் கெனால் இரண்டு, பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல் ஒன்று, காதுக்குச் சொட்டு மருந்து மூன்று பாட்டில், தலைவலிக்காக எடுத்த ஸ்கேன் ஒன்று. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ் எத்தனை என்று கணக்கே வைக்கவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, இன்னும் படிப்பையே முடிக்காத ஒரு மாணவி என் கணவரின் இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னாள். தாடைச் சதை உருண்டு, கூழாங்கல் மாதிரி எழும்பி நின்றது. அவள் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டாள்: "ஆன்ட்டி, இவர் தூங்கும்போது சத்தம் வருமா?"

வருமாவா!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன். அதுவரை பார்த்த எந்த டாக்டரும், அவர் கூடவே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம், இந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

எங்கள் வீடு புனே பக்கம், பிம்ப்ரி மோர்வாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. அவருக்கு போசரி எம்.ஐ.டி.சி.யில் வேலை, கார் கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிற பட்டறை. வாரம் ஒரு ஷிப்ட்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. வியாழக்கிழமை லீவு. கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்த முதல் வாரமே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சிமென்ட் தரையில் யாரோ கருங்கல்லை அழுத்தி இழுக்கிற மாதிரி. நாலைந்து இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து இழுப்பு. தோளைத் தொட்டால் புரண்டு படுப்பார், நின்றுவிடும். கால் மணி கழித்து மறுபடி ஆரம்பிக்கும். காலையில் சொன்னால், "நானா? கனவு கண்டிருப்ப" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கடிக்கிறவருக்கே அது தெரியாது. இந்தத் தொல்லையின் முதல் சிக்கலே அதுதான்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா, காகுவிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். "ஜோபேத் தாத் காதோ கா?" என்றார். தூக்கத்தில் பல்லைத் தின்கிறானா என்று அர்த்தம். மராத்தியில் அப்படித்தான் சொல்வார்களாம். இந்தியில் பல்லை அரைக்கிறான் என்பார்கள், மாவு அரைக்கிற அதே சொல். நாம் பல்லைக் கடிக்கிறான் என்கிறோம். இந்த மூன்றில் மராத்திக்காரர்கள் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் தன் பல்லைத்தான் தின்றுகொண்டிருந்தார். நம் தமிழ்ச் சொல்லோ ஆளை ஏமாற்றிவிடுகிறது. கஷ்டம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றுதானே சொல்லி வளர்க்கிறோம்? அப்படி இருப்பவனைக் கெட்டிக்காரன், பொறுமைசாலி என்றுதானே மெச்சுகிறோம்? என் கணவர் அந்த மாதிரிப் பொறுமைசாலி. ஆர்டர் குறைந்து பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பின வருஷமும், சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டின அன்றும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வார்த்தையெல்லாம் தாடையிலேயே நின்றுபோயிருக்கிறது.

முதலில் கூசியது. தண்ணீர் குடித்தால் சுரீர் என்றது. பிறகு கீழ்க்கடைவாயில் வலி. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை எதுவும் இல்லை, ஆனாலும் உள்ளே கிருமி இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். நான் குடியிருக்கிற ஊர் எந்த ஊர் தெரியுமா? 1954-ல் மத்திய அரசு தன் முதல் மருந்துக் கம்பெனியைத் தொடங்கின ஊர். ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். இந்த நாட்டுக்குப் பெனிசிலின் செய்து கொடுத்த பிம்ப்ரி. எச்.ஏ. காலனி வழியாகத்தான் தினமும் காய்கறிக்குப் போகிறேன். அந்த ஊரிலேயே, கிருமியே இல்லாத ஒரு வலிக்கு ஒரு மனிதர் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் விழுங்கினார். வலித்தது அடிபட்ட பல்லும் ஓய்ந்துபோன சதையும். சதைவலிக்கு ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அப்புறம் ரூட் கெனால். மேலே போட்ட உறை எட்டு மாதத்தில் உடைந்தது. "கடினமா ஏதாவது கடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். முறுக்கு, சீடை என்று நான் செய்து போட்டதன் மேல் பழி விழுந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு நான் முறுக்கே சுற்றவில்லை. அதற்கு அடுத்த பல் நெடுக்காகப் பிளந்தது, பிடுங்கினார்கள். நல்ல பல் சார் அது. சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது. நாற்பது வயதில் போய்விட்டது.

இதற்கு நடுவில் காதுவலி. காதில் ஒன்றுமில்லை. ஆனால் தாடை எலும்பு மண்டையோடு சேர்கிற மூட்டு, காது துவாரத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது. சுண்டு விரலைக் காதில் வைத்து வாயைத் திறந்து மூடினால் அது நகர்வது யாருக்கும் தெரியும். ராத்திரி முழுக்க அந்த மூட்டு நசுங்கினால் காதில் வலிப்பது போலத்தான் இருக்கும். காலையில் எழுந்ததும் இரண்டு பொட்டிலும் கனமாக ஒரு தலைவலி. எழுந்து ஒரு மணி நேரத்தில் தானாகக் குறையும். மைக்ரேன் என்றார்கள். வெயில் என்றார்கள். கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். பொட்டில் விசிறி மாதிரி விரிந்திருக்கிற சதையும் கடிக்கிற சதைதான் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒவ்வொருவரும் அவரவர் பங்கை மட்டும் பார்த்தார்கள். பல்லுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர். மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிற கயிறு தாடைதான். அது எவர் பங்கிலும் வரவில்லை.

சந்த் துக்காராம் நகரில் டி.ஒய். பாட்டீல் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 மார்ச்சில் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கத்து பி.சி.எம்.சி. ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம். தனியார் கிளினிக்கில் இன்னொரு உறைக்குக் காசு இல்லாமல்தான் அங்கே போனோம். அங்கே நடந்த நல்லதுக்குக் காரணம் பெரிய மெஷின் எதுவுமில்லை, ஒரு காகிதம். மாணவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் நீளமாக ஒரு கேஸ் ஷீட் நிரப்ப வேண்டும். அதில் பழக்கங்கள் என்று ஒரு வரி. வெற்றிலை, புகையிலை, வாயால் மூச்சு விடுவது, நகம் கடிப்பது, பல் நறநறப்பது. அந்த வரியை வெறுமனே விட்டால் வாத்தியார் திட்டுவார். அதனால் அந்தப் பெண் கேட்டாள். கேட்டதால் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடுகிற இடத்தில் அந்த வரிக்கு நேரமில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு கேள்வி போதும். அதையும் பக்கத்தில் படுக்கிறவரிடம் கேட்க வேண்டும்.

அவள் காட்டிக் காட்டிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். நாக்கின் ஓரம் பார்த்தால் அப்பம் ஓரம் மாதிரி வரிசையாகப் பல் தடம் பதிந்திருந்தது. கன்னத்தின் உள்பக்கம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கிற உயரத்தில், வெள்ளையாக ஒரு கோடு. கோரைப்பல்லின் கூர் மழுங்கி, தட்டையாகி, மேலும் கீழும் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்தியது. முன்பல் நுனியில் சின்னச் சின்ன உடைசல். பழைய போட்டோவில் பார்த்த ஒல்லி முகம் இப்போது தாடையோரம் சதுரமாகியிருக்கிறது. உடம்பு போட்டுவிட்டார் என்று ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்களே, அது சதை வேலை செய்து பெருத்தது. எல்லாம் கண்ணெதிரே இருந்தது. ஆறு வருடமும் இருந்தது.

பகலெல்லாம் சேர்த்தாலும், சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்வது மொத்தம் இருபது நிமிஷம் தேறாதாம். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் பல்லுக்கு நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். ராத்திரி நறநறக்கிறவருக்கு இந்தக் கணக்கே புரண்டுவிடுகிறது. தூக்கத்தில் தடுக்கிற புத்தி இல்லாததால், விழித்திருக்கும்போது வேண்டுமென்றே கடிக்கிற பலத்தையும் அந்த ராத்திரிக் கடி மிஞ்சலாம். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் போனதுதான்.

ஏன் கடிக்கிறார்கள் என்றால் ஒற்றைக் காரணம் கிடையாது. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை நொடிப்பொழுது விழிப்பை எட்டிப் பார்க்கிறது. முதலில் இதயத்துடிப்பு ஏறுகிறது, சில நொடி கழித்துத் தாடை அசையத் தொடங்குகிறது. தூக்கத்தைக் கலைக்கிற எதுவும் இதைக் கூட்டலாம். மனக்கவலை, ராத்திரி டீ காபி, சிகரெட், மது, நெஞ்சுக்கு ஏறுகிற புளிப்பு, மூச்சு அடைத்து அடைத்து வருகிற குறட்டை, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வருவது உண்டு. உலகத்தில் இதைப் படிக்கிற நிபுணர்கள் 2018-ல் சேர்ந்து எழுதியபோது, வேறு நோயில்லாத ஆளுக்கு இதை நோய் என்றே சொல்லக்கூடாது, உடம்பின் ஒரு நடத்தை என்று சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கடிக்கிற எல்லாருக்கும் வைத்தியம் வேண்டியதில்லை. பல் தேயாமல், வலி இல்லாமல் இருந்தால் சும்மா விடலாம். என் வீட்டில் பல்லே போய்விட்டது, எப்படிச் சும்மா விடுவேன்?

வாரம் ஒரு ஷிப்ட் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, அதைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? டாடாவும் பஜாஜும் வந்த நாளிலிருந்து இந்த ஊரே சங்குச் சத்தத்துக்குத்தான் எழுகிறது, சங்குச் சத்தத்துக்குத்தான் படுக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, பகல் பத்து மணிக்கு ஜன்னலில் பழைய புடவையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு படுப்பார். கீழே டெம்போ ஹாரன், மேலே யாராவது வீட்டில் டிரில்லிங், பக்கத்தில் குக்கர். உடம்பு இப்போதுதான் அந்த நேரத்துக்குப் பழகுகிறது என்னும்போது வாரம் முடிந்துவிடும். நைட் வாரத்தில் விழித்திருப்பதற்கென்றே ஏழெட்டு கட்டிங் சாய். நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நைட் முடிந்து காலை ஷிப்ட் தொடங்குகிற முதல் இரண்டு ராத்திரிதான் சத்தம் மிக மோசம். பட்டறையில் இரைச்சலுக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள், கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள், காலுக்கு ஷூ கொடுக்கிறார்கள். தூக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவரை இ.எஸ்.ஐ. இருந்தது. கொஞ்சம் தாண்டியதும் போயிற்று. கம்பெனி போட்டுக் கொடுத்த மெடிக்ளெய்மில் பல் வைத்தியம் சேராது, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒழிய. ஆறு வருடத்தில் வாய்க்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. என் கழுத்துச் சங்கிலி ஒருமுறை அடகுக்குப் போய்வந்தது. கடைசியில் அவருக்கு உதவிய பொருளின் விலை 2,500 ரூபாய்.

நைட் கார்டு என்கிறார்கள். பல்லுக்கு அளவெடுத்துக் கெட்டியான அக்ரிலிக்கில் செய்து, மேல்வரிசையில் மாட்டிக்கொண்டு படுப்பது. மருந்துக்கடையில் வெந்நீரில் போட்டுக் கடிக்கிற ரப்பர் மாதிரியான ஒன்றை முன்னாலேயே வாங்கியிருந்தோம். அதை மெல்லத் தொடங்கிவிட்டார், சத்தம் நின்றது, தாடைவலி கூடியது. அளவெடுத்துச் செய்ததற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதைக் கொடுக்கிற முன் குறட்டை எப்படி என்று விசாரித்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்களுக்கு முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம், வெறும் கார்டு சிலருக்கு அந்த அடைப்பைக் கூட்டிவிடலாமாம். ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: கார்டு கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும். பல்லை ராவிச் சமன் செய்தால் கடி நின்றுவிடும் என்று வேறோர் இடத்தில் முன்பு சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது, ராவிய எனாமல் திரும்பியும் வராது. தாடையில் போடாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். சில மாதம் சதையைத் தளர்த்தும், பிறகு மறுபடி போட வேண்டும். எங்களுக்குக் கட்டாது.

பகலில் கடிப்பதுதான் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பகலிலும் கடிக்கிறார்! மெஷினில் அளவு பார்க்கும்போது, பைக்கில் நாசிக் பாட்டா சிக்னலில் நிற்கும்போது. சத்தம் வராது, இறுக்கி வைத்திருப்பார். கல்லூரி டாக்டரம்மா சொன்னபடி டிபன் பாக்ஸ் மூடியில் ஒன்று, மெஷின் பக்கத்தில் ஒன்று, பைக் டேங்கில் ஒன்று என்று சிவப்புப் பொட்டு ஒட்டினோம். என் ஸ்டிக்கர் பொட்டுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரிக்க வேண்டும். நாக்கு நுனி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இங்கிலீஷ் எழுத்து 'என்' சொல்லிக் காட்டினார்கள். நான் அவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன்: றன்னகரம் சொல்லப் போகிற மாதிரி நாக்கை மேலே ஒட்டி வைங்க, "ந" இல்லை, "ன". "ன" வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்க முயற்சி செய்து பாருங்கள், தாடை தானாகத் தளரும். படுக்கப்போகுமுன் வெந்நீர்த் துணி ஒத்தடம். மாலை ஐந்துக்கு மேல் டீ இல்லை என்பது காலை ஷிப்ட் வாரத்தில் மட்டும் நடக்கிறது.

இப்போது என் பையன். ஆறு வயது. போன மழைக்காலத்திலிருந்து அவனும் நறநறக்கிறான். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், வயிற்றில் பூச்சி என்று. காகு "ஜந்த்" என்றார். ஊரிலிருந்து அத்தை வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கச் சொன்னார். பிப்ரவரி 10-ம் தேதி குடற்புழு நீக்க நாளில் பள்ளிக்கூடத்திலேயே அல்பெண்டசோல் கொடுத்தார்கள். நல்லது, புழுவுக்கு அது நல்ல மருந்து, எல்லாப் பிள்ளையும் சாப்பிட வேண்டும். ஆனால் பையன் அன்றைக்கு ராத்திரியும் கடித்தான், மறுநாளும் கடித்தான். பூச்சியால்தான் பிள்ளைகள் பல் கடிக்கிறார்கள் என்று இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். சின்ன வயதில் நிறையப் பிள்ளைகள் கடிப்பார்கள், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். மூக்கடைப்பு, வாயால் மூச்சு, குறட்டை இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். நம் வீடுகளில் பூச்சி என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரியவன் கடித்தால் மனதில் வன்மம், பிள்ளை கடித்தால் பூச்சி. அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

அன்று போனில் அத்தையிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். "அத்தை, உங்க மகன் சின்ன வயசுல பல்லைக் கடிச்சாரா இல்லையா, அதச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார், "அவன் கடிச்சான். அவுங்க அப்பாவும் கடிப்பாக. மில்லுல இருந்து வந்து படுத்தா விடிய விடிய அதான். அம்பது வயசுக்குள்ள பல்லு பூராம் போச்சே அவுகளுக்கு, மோரும் சோறுமாத்தான கடைசிவரைக்கும் குடிச்சாக."

"ஏன் அத்தை இத்தன நாளாச் சொல்லல?"

"யாரு தாயி எங்கிட்டக் கேட்டா?"

அத்தையும் இருபத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். மாமாவின் பல் போனதற்கு ஊர்த் தண்ணீர் என்று ஒரு காரணம், வெற்றிலை என்று ஒரு காரணம். அந்தக் குடும்பத்துக்கே பல் சரியில்லை என்று என் கல்யாணத்தின்போதுகூட யாரோ சொன்னார்கள்.

பதினொரு மாதத்தில் கார்டின் வலப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது, அவ்வளவும் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. வருகிற வியாழக்கிழமை அதைக் காட்டப் போகிறோம், பையனையும் கூட்டிக்கொண்டு. என் நோட்டையும் எடுத்துப் போகிறேன். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குச் சத்தம், அவரா பையனா, எல்லாம் அதில் இருக்கிறது. கேஸ் ஷீட் எழுதுகிற பிள்ளைகள் இந்த வருஷம் மாறியிருப்பார்கள். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நோட்டைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் உட்காரப் போகிறேன்.